மடியில் வைக்காதது

பழைய பெட்டியைத் திறந்தபோது
மதர்போர்டின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது.
பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி, கருவாடாக.
பாம்பனில் வீடு. கடலுக்கு நூற்றிருபது தப்படி.
உப்புக் காற்றுக்கு வாரண்டி கிடையாது என்று
மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஸ்குரூவை முறுக்கிய நேரம்
ஒரு கல்யாண வீடியோ
அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றிருந்தது.
மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார்,
கட்டவில்லை.

அதனால்தான் ராமநாதபுரம்.
பையில் ஐம்பத்தெட்டாயிரம்:
சீட்டைத் தள்ளி எடுத்தது நாற்பது,
மீதி தம்பி ரெக்ஸன் போட்டது.
தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்
அறுபத்தொரு நாளும்
ராத்திரி அவனுக்குச் சுட்டுத்தள்ள,
பகல் எனக்கு வெட்டி ஒட்ட.
மற்ற நாளெல்லாம் எனக்கே.

கடையில் நெய்னா பாய் முதலில் நீட்டியது
முள் எடுத்த மீன்போல் கனமே இல்லாத ஒன்று.
'தூக்கிட்டுப் போக வசதி,' என்றார்
தம்பியைப் பார்த்து.
எங்கேயும் தூக்கிப் போவதில்லை, என்றேன் நான்.
ஒரு மேசை, ஒரு சுவர், ஒரு பிளக்.
'அப்ப டெஸ்க்டாப்பே எடுக்கலாமே?'
இதையும் தம்பியிடமே கேட்டார்.

எடுக்கலாம்.
கரண்ட் போனால் எங்கள் யு.பி.எஸ்.
பதினொரு நிமிடம் உயிரோடிருக்கும்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
பெட்டி, மானிட்டர், வயர் மூட்டையைக்
கோயில் மாடிக்குக் கொண்டுபோக நாலு கை வேண்டும்.
அன்றைக்கு ரெக்ஸனின் இரண்டு கையும்
படகுக் கயிற்றில் இருக்கும்.

இதையெல்லாம் கடையில் சொல்லவில்லை.
அந்தக் கறுப்பை எடுங்கள், என்றேன்.

மூடியில் சிவப்பு மின்னல் கிறுக்கிய கறுப்பு,
இரண்டரைக் கிலோ,
அம்மிக்குழவி மாதிரி ஒரு சார்ஜர்.
'இது கேம் ஆடுறவங்க எடுக்கிறதும்மா.'
முதல் முறையாக என்னிடம் பேசினார்.
இந்த விலைக்குள் தனியாக கிராபிக்ஸ் கார்டு
வேறு எதில் இருக்கிறது, சொல்லுங்கள்.
ரேம் எட்டுதான்; இன்னொரு குழி காலியா?
பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அட்டைப்பெட்டியைப் படிக்கத் தொடங்கினார்.

பென் டிரைவைச் செருகினேன்.
அதே கல்யாணம்.
பொண்ணின் அரக்குப் பட்டு
இந்தத் திரையில் செங்கல்லாகிவிட்டது.
மனசு ஒரு படி இறங்கியது, உண்மைதான்.
பிறகு நினைத்துக்கொண்டேன்:
வீட்டில் பழைய மானிட்டர் இருக்கிறது,
அதற்கு இன்னும் கண் போகவில்லை.
நிறத்தை அது பார்க்கட்டும்.

ரெண்டர் கொடுத்ததும்
உள்ளே இரண்டு விசிறியும் கூப்பாடு போட்டன.
ரெக்ஸன் காதை வைத்துக் கேட்டான்,
எஞ்சின் அறையில் கேட்கிற மாதிரி.
'சத்தம் பெருசு. ஆனா திக்கல.'
நான் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல்தான்.
தாங்கக்கூடிய காய்ச்சல்.

பாய் டீ வரவழைத்தார்.
அறுபத்தெட்டைத் தாண்டியபோது
நாங்கள் யாரும் பேசவில்லை,
மெமரி கார்டு வாங்க வந்த ஒருவர்கூட.
பத்தொன்பதாவது நிமிடம்
தாலி ஏறிவிட்டது.
அவர் பில் புத்தகத்தை எடுத்தார்.

பெட்டிமேல் மடிக்கணினி என்று எழுதியிருந்தது.
எங்கள் ஊரில் மடி என்றால்
இழுவை வலையின் கடைசிப் பை.
போனது திரும்பாது.
ஐம்பத்தெட்டாயிரமும் அங்கேதான் போனது,
பையும் மவுசும் இலவசம் என்று சொல்லி.

பஸ்ஸில் இடம் இல்லை, மடியில்தான் வைத்துக்கொண்டேன்.
அன்றைக்கு மட்டும்.
தொடை மரத்துப்போனது, கால் மாற்றவில்லை.
அடுத்த கல்யாணப் பணத்தில் இன்னொரு ரேம்,
அதற்கடுத்ததில் ரெக்ஸன் பங்கில் பாதி என்று
கணக்கு மண்டபம்வரை ஓடியது.

பாலத்தில் ஏறியதும்
ஜன்னலில் காற்று உப்போடு வந்து மோதியது.
பக்கத்துச் சீட்டுக்காரர் கடல் பார்த்துக்கொண்டிருந்தார்.
கொஞ்சம் மன்னிக்கணும் என்று சொல்லி
ஷட்டரை இறக்கினேன்.